ஏரியின் எல்லை எங்கே?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் இருக்கிறது வேடந்தாங்கல் ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டுகளில் அங்கே வந்து தங்கும் பறவைகள் முப்பதாயிரத்தைத் தாண்டும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, பல வகைக் கொக்குகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை மீனையும் மற்ற நீர்வாழ் சிற்றுயிர்களையும் தின்று வாழ்பவை.

ஒரு பறவை நாளொன்றுக்குச் சராசரியாக 300 கிராம் இரை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூழைக்கடாவுக்கு இது போதாது, சின்னக் கொக்குக்கு இது அதிகம். கணக்கின் போக்கைக் காண இந்தச் சராசரி போதும். முப்பதாயிரம் பறவைக்கு ஒரு நாளுக்கு 9 டன் இரை வேண்டும். தீவனம் போட்டுக் கெண்டை வளர்க்கும் குளத்தில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 3 முதல் 5 டன் மீன் கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல். வேடந்தாங்கல் ஏரி முழுவதையும் அப்படி மீன் பண்ணை ஆக்கினாலும் ஆண்டுக்கு 90 முதல் 150 டன்தான் தேறும். பறவைகள் அதை இரண்டரை வாரத்துக்குள் தீர்த்துவிடும். ஆனால் அவை தங்குவதோ மாதக்கணக்கில். கார்த்திகை வாக்கில் வரத் தொடங்கி, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அவற்றுக்கு இறக்கை முளைத்துப் பறக்கும் வரை இருந்துவிட்டுக் கோடையில்தான் கிளம்புகின்றன.

ஆக, கணக்கு இடிக்கிறது. இந்த ஏரியால் இத்தனை பறவைகளுக்குச் சோறு போட முடியாது. போடவும் இல்லை. விடிந்ததும் மரங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக எழும் பறவைகளைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலெழும் காற்றில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வட்டமிட்டு உயர்ந்து, பக்கத்து ஏரிகள், நெல் வயல்கள், பள்ளங்கள், உப்பங்கழிகள் என்று நாலா திசையிலும் பல கிலோமீட்டர் போகின்றன. சாப்பாடு அங்கே, வீடு இங்கே.

அப்படியென்றால் வேடந்தாங்கல் என்பது எது? கரைக்குள் இருக்கும் அந்த 75 ஏக்கர் மட்டுமா? சூழல் மண்டலம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே போதுமான வாசல்.

குட்டி உலகம் என்ற எண்ணம்

ஏரியை ஒரு முழு உலகமாகப் பார்க்கும் வழக்கம் அறிவியலில் பழையது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் 1887-ல் ஆற்றிய ஓர் உரையில், ஏரி என்பது தன்னளவில் நிறைவான சிற்றுலகம் என்றார். ஒரு மீனைப் பற்றி அறிய அந்த மீனை மட்டும் அறுத்துப் பார்த்தால் போதாது. அது தின்னும் உயிர்கள், அந்த உயிர்கள் தின்னும் உயிர்கள், மீனோடு இரைக்குப் போட்டியிடுபவை, மீனைத் தின்பவை என்று எல்லாவற்றையும் தேடிப் போக வேண்டும். எங்கே தொட்டாலும் ஏரி முழுவதும் அசையும் என்பது அவர் வாதம்.

இதில் உயிர்கள் மட்டுமே இருந்தன. மண், நீர், வெப்பம், காற்று, ஒளி ஆகியவை மேடைக்குப் பின்னால் தொங்கும் திரையாகக் கருதப்பட்டன. பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935-ல் அந்தத் திரையையும் நாடகத்துக்குள் இழுத்தார். உயிருள்ளவையும் உயிரற்றவையும் சேர்ந்துதான் ஒரே மண்டலம். ஒன்றை விட்டு மற்றதை விளக்க முடியாது என்றார். ஏரியின் மீன் எவ்வளவு முக்கியமோ, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் அவ்வளவு முக்கியம்.

டான்ஸ்லி இன்னொன்றும் சொன்னார். அது பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இப்படிப்பட்ட மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியும், ஒன்றன்மேல் ஒன்று படிந்தும், ஒன்றோடொன்று பின்னியும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தனியே பிரித்து எல்லை போடுவது ஆராய்ச்சி வசதிக்காக நாம் செய்யும் வேலை. குளம், காடு, நெல் வயல், ஒரு மரப்பொந்தில் தேங்கிய மழைநீர், எதையும் சூழல் மண்டலம் எனலாம். கோடு போடுபவர் நாம். அந்தக் கோட்டை மதித்து எந்தப் பறவையும் திரும்பிப் போவதில்லை.

வெயிலிலிருந்து கூழைக்கடா வரை

ஏரிக்குள் நடக்கும் அத்தனை ஆரவாரத்துக்கும் எரிபொருள் ஒன்றுதான்: வெயில். அதைப் பிடித்து உணவாக்கத் தெரிந்தவை தாவரங்களும் பாசிகளும் சில பாக்டீரியாக்களும். ஏரியில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் நுண்பாசிகள். நீருக்கு இளம்பச்சை நிறம் தருபவை இவைதான். விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைத்தான் இவை உணவாக மாற்றுகின்றன. நுண்பாசியை நீர்த்தெள்ளு போன்ற நுண்விலங்குகள் தின்னும். அவற்றைக் குஞ்சு மீன்களும் சிறு மீன்களும் தின்னும். சிறு மீனை விரால் தின்னும். விராலைக் கூழைக்கடா விழுங்கும்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெரும் இழப்பு நேர்கிறது. ஓர் உயிர் தின்றதில் பெரும்பகுதி மூச்சு விடவும், ஓடவும், உடலைப் பராமரிக்கவும் செலவாகி வெப்பமாக வெளியேறிவிடும். செரிக்காமல் போவதும் உண்டு. உடலாகத் தங்கி அடுத்தவர் வாய்க்கு வந்து சேர்வது சுமாராகப் பத்தில் ஒரு பங்கு. இது துல்லியமான விதி இல்லை. இடத்துக்கு இடம், உயிருக்கு உயிர் மாறும். ஆனாலும் போக்கு இதுதான். நுண்பாசியில் 10,000 கலோரி இருந்தால் நுண்விலங்கில் 1,000, சிறு மீனில் 100, விராலில் 10, அதைத் தின்னும் பறவையில் 1. பெரிய வேட்டையாடிகள் எங்கும் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஐந்தாவது பந்திக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் ஓர் ஏரியை அளந்து விளக்கியவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள சீடர் பாக் என்ற சின்னஞ்சிறு ஏரியில் தன் மனைவி எலியனோருடன் ஆண்டுக்கணக்கில் மாதிரிகள் எடுத்தார். உயிர்களை இனம் இனமாக எண்ணுவதோடு நிற்காமல், அவற்றை ஆற்றலின் அலகில் எண்ணினார். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியபோது, இது வெறும் கோட்பாடாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர்கள் தள்ளினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் பரிந்து பேசிய பிறகே ஏற்றார்கள். கட்டுரை 1942 அக்டோபரில் வெளிவந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 26 வயதில், லிண்டமன் நோயில் இறந்துவிட்டார். இன்றைய சூழலியல் அந்த ஒரு கட்டுரையின் மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை.

லிண்டமனின் கண்ணால் பார்த்தால் வேடந்தாங்கல் கணக்கு ஏன் இடித்தது என்பது விளங்கும். 30 ஹெக்டேரில் விழும் வெயில், மூன்று நான்கு படிகள் ஏறிவந்த பின், முப்பதாயிரம் பறவைகளைத் தாங்காது. அவை வாழ வேண்டுமானால் இன்னும் பற்பல ஹெக்டேரில் விழுந்த வெயில் இங்கே வந்து சேர வேண்டும். ஒவ்வொரு நாளும் மாலையில் அலகிலும் தொண்டைப் பையிலும் இரைப்பையிலும் அது வந்து சேர்கிறது.

எச்சம் செய்யும் வேளாண்மை

ஆற்றல் ஒருவழிப் பாதையில் ஓடித் தீர்கிறது. சத்துகள் அப்படியில்லை. அண்டை வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பும் கிண்ணத்தை நினைத்துக்கொள்ளலாம்: குழம்பு சாப்பிட்டதும் தீர்ந்துவிடும், கிண்ணம் கை மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும். நைட்ரஜன், பாஸ்பரஸ், கால்சியம் எல்லாம் அந்தக் கிண்ணங்கள். ஒரு மீனின் முள்ளில் இருந்த பாஸ்பரஸ் நாளை பாசியில் இருக்கும், மறுநாள் நெல்மணியில் இருக்கும்.

பாஸ்பரஸுக்கு ஒரு சங்கடம் உண்டு. நைட்ரஜனைப் போல் அதற்குக் காற்றில் கையிருப்பு இல்லை. பாறையிலிருந்து கரைந்து, மண்ணில் ஒட்டி, நீரோடு பள்ளம் நோக்கியே போகும். ஓரிடத்திலிருந்து அடித்துச் செல்லப்பட்டால் தானாகத் திரும்பி வருவது அரிது. ஒரு நன்னீர் ஏரியின் செழிப்பைப் பல நேரங்களில் தீர்மானிப்பது இதுதான். கனடாவின் ஒன்டாரியோவில் 1973-ல் டேவிட் ஷிண்ட்லரும் கூட்டாளிகளும் செய்த சோதனை இதற்குச் சான்று. இடுப்பு சிறுத்த ஓர் ஏரியை நடுவில் நெகிழித் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பாசி பூத்துப் பச்சையாகிப்போனது. மறுபாதி தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பின் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அந்தப் படம் பெரும் துணையாயிற்று.

இப்போது வேடந்தாங்கலுக்குத் திரும்புவோம். பறவை எங்கோ ஒரு வயலில் நத்தையும் மீனும் தின்கிறது. மாலையில் வந்து நீர்க்கடம்பு மரத்தில் அமர்ந்து எச்சமிடுகிறது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம்; அதில் நைட்ரஜன் இருக்கிறது. செரித்த மீன் முள்ளிலிருந்து வந்த பாஸ்பரஸும் கூட இருக்கிறது. நீரில் விழுந்ததும் பாக்டீரியாக்கள் யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கும். தாவரம் உறிஞ்சத் தயாரான உரம் அது. பள்ளம் நோக்கி ஓடும் சத்தை எதிர்த்திசையில் பறந்து கொண்டுவந்து ஓரிடத்தில் குவிக்கும் வேலையைப் பறவை செய்கிறது, கூலி கேட்காமல்.

அந்த நீர் மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி நெல் வயலுக்குப் போகிறது. பறவைகள் வந்த ஆண்டில் விளைச்சல் கூடும், உரச்செலவு குறையும் என்பது ஊர் விவசாயிகள் தலைமுறைகளாகச் சொல்லிவருவது. அதை அவர்கள் வாய்ப்பேச்சோடு விட்டுவிடவும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக்குப் போய் முறையிட்டார்கள். அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ல் எழுத்தில் வாங்கினார்கள். பின்னர் 1858-லும் ஆட்சியரின் ஆணை பிறந்தது. லிண்டமனுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் முன்பே, பறவைக்கும் நெல்லுக்கும் இடையே ஓடும் நூலை அந்த உழவர்கள் கண்டிருந்தார்கள். வேட்டங்குடி, கூந்தன்குளம் போன்ற ஊர்களின் பக்கமும் இதே உறவு உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

இங்கே விவசாயியின் பங்கு காவலோடு முடிவதில்லை. எச்சம் அளவு மீறினால் ஏரிக்கே கேடு. பாசி மிதமிஞ்சிப் பூக்கும். பகலில் ஆக்சிஜன் விடும் அதே பாசி இரவில் அதை உறிஞ்சும். செத்த பாசியை அழுகவைக்கும் பாக்டீரியாக்களும் உறிஞ்சும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து திணறும். மதகைத் திறந்து சத்து நிறைந்த நீரை வயலுக்கு விடுவதும், கோடையில் வண்டலை அள்ளிக் கொண்டுபோவதும் இந்தச் சுமையைக் குறைக்கின்றன. நெல்லுக்கு உரமாவது ஏரிக்கு மருந்தாகிறது. பாசி, மீன், நாரை வரிசையில் உழவரும் ஒரு கண்ணி.

ஒரே மரத்தில் எத்தனை குடித்தனம்

ஒரு நீர்க்கடம்பு மரத்தில் ஐந்தாறு இனப் பறவைகள் கூடு கட்டியிருக்கும். உடல் பெரிய நாரைகளும் கூழைக்கடாக்களும் பொதுவாக உச்சியில், சிறிய கொக்குகளும் வக்காக்களும் கீழே கிளைகளின் உட்புறத்தில். ஒரே மாதிரி இடம், ஒரே மாதிரி இரை என்றால் ஏன் ஒன்று மற்றதை விரட்டிவிடவில்லை?

ரஷ்ய அறிஞர் காஸ் 1934-ல் வெளியிட்ட நூலில், பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரின் இரண்டு இனங்களை ஒரே குடுவையில், ஒரே உணவு தந்து வளர்த்ததை விவரித்தார். சில வாரங்களில் ஓரினம் மற்றதை அடியோடு இல்லாமல் செய்தது. ஒரே பிழைப்பை ஒரே மாதிரி நடத்தும் இரண்டு இனங்கள் நெடுநாள் சேர்ந்து வாழ முடியாது. எனவே சேர்ந்து வாழ்பவை எங்கோ வேறுபட்டாக வேண்டும்.

எங்கே வேறுபடுகின்றன என்பதை அலகே சொல்லிவிடும். கரண்டிவாயன் தட்டையான அலகை நீருக்குள் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். அரிவாள் மூக்கன் வளைந்த அலகைச் சேற்றில் செருகித் துழாவும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீரில் வைத்துக்கொண்டு காலால் கிளறும். மீன் அலகில் பட்ட நொடியில் கவ்விக்கொள்ளும், கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. சாம்பல் நாரை அசையாமல் நின்று காத்திருக்கும். நீர்க்காகம் முழுகித் துரத்தும். பாம்புத்தாரா ஈட்டிபோல் குத்தும். கூழைக்கடா தொண்டைப் பையால் நீரோடு அள்ளும். வக்கா மற்றவை வீடு திரும்பும் அந்தியில்தான் வேலைக்கே கிளம்பும்.

நத்தைகுத்தி நாரையின் அலகு இன்னும் விசித்திரமானது. மூடினாலும் நடுவில் இடைவெளி விழும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். நத்தையை நீருக்கடியில் பிடித்து, கீழ் அலகின் நுனியை மூடிக்குள் நுழைத்து, சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, உள்ளே இருப்பதை முழுசாக உருவிவிடும். வயலில் நாற்றைக் கடிக்கும் நத்தைகளுக்கு அது எதிரி.

இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டாலும் சண்டை இல்லாமல் இல்லை. இரையில் போட்டி குறைந்தால் கிளையில் போட்டி. அடுத்த கூட்டின் குச்சியை உருவிக்கொண்டு வருவது இங்கே அன்றாடம் நடக்கும் களவு. கவனிப்பு சற்றுத் தவறினால் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

உதவுபவர், ஒட்டிக்கொள்பவர், உறிஞ்சுபவர்

உயிர்களுக்கிடையே வேட்டையும் போட்டியும் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. வேடந்தாங்கல் நீர் பாயும் நெல் வயல் போன்ற இடங்களில் மிதக்கும் அசோலா என்ற சிறு பெரணியைப் பாருங்கள். அதன் இலைக்குழிக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருக்கிறது. பெரணி இடமும் பாதுகாப்பும் தருகிறது. பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிக் கொடுக்கிறது. இருவருக்கும் லாபம். வயலுக்கும் லாபம் என்பதால்தான் விவசாயிகள் அசோலாவை வளர்க்கிறார்கள்.

கரையில் மேயும் மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு நடக்கும். மாடு புல்லை மிதிக்க, கிளம்பும் வெட்டுக்கிளியைக் கொக்கு பிடிக்கும். கொக்குக்கு லாபம், மாட்டுக்குப் பெரிதாக வரவும் இல்லை, செலவும் இல்லை.

மூன்றாவது வகை கண்ணில் படாதது. தட்டைப்புழு ஒட்டுண்ணிகள் பலவற்றின் வாழ்க்கை நீர்நிலையின் உணவுச் சங்கிலியிலேயே பயணம் செய்கிறது. பறவையின் எச்சத்தோடு முட்டை நீரில் விழும். பொரித்த புழு நத்தைக்குள் புகும். அங்கே பெருகி வெளிவந்து மீனுக்குள் புகும். மீனைப் பறவை தின்றதும் பழைய வீட்டுக்கு வந்து சேரும். கலிஃபோர்னியாவின் கழிமுகங்களில் இத்தகைய ஒரு புழு மீனின் மூளையில் குடியேறுவதைக் கண்டறிந்தார்கள். அந்த மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து துடித்துப் பளிச்சிடுகிறது. ஆரோக்கியமான மீனைவிட 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பறவையிடம் சிக்குகிறது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கழிமுகங்களில் ஒட்டுண்ணிகளின் மொத்த எடை, சங்கிலியின் உச்சியில் உள்ள வேட்டையாடிகளின் எடையை விஞ்சுவதாகக் காட்டியது. யார் யாரைத் தின்கிறார்கள் என்று நாம் வரையும் படங்களில் இந்தப் புழுக்களுக்கு ஓர் அம்புக்குறிகூட இருப்பதில்லை.

வறண்டாலும் ஏரிதான்

கோடை முற்றினால் ஏரி வற்றும். பாளம் பாளமாக வெடித்த தரையைப் பார்ப்பவருக்கு அது செத்த இடம். அப்படியில்லை. நத்தை சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. காற்றை நேராகச் சுவாசிக்கத் தெரிந்த விரால் கடைசிச் சேற்றுக்குட்டை வரை தாக்குப்பிடிக்கிறது. நீர்த்தெள்ளுகளின் தடித்த ஓடு கொண்ட முட்டைகள் மண்ணில் உறங்குகின்றன. ஆண்டுக்கணக்கில்கூட அவை உறங்கும். தரையில் முளைத்த புல்லை மாடு மேய்ந்து சாணம் போடுகிறது. காற்றுப்பட்ட சேற்றில் மட்கல் வேகமாகிறது.

முதல் மழை நிறைத்ததும் சேமிப்பெல்லாம் ஒன்றாகச் செலவுக்கு வருகிறது. கரைந்த சத்தில் பாசி பெருக, முட்டை பொரித்த நீர்த்தெள்ளுகள் அதைத் தின்கின்றன. புதுவெள்ளத்தில் எதிரேறி வந்த மீன்கள் முட்டையிட, குஞ்சுகளுக்கு நீர்த்தெள்ளு தயாராக இருக்கிறது. பின்பு நீர் மெல்ல வடியும்போது மீன்கள் ஆழம் குறைந்த இடங்களில் நெருங்குகின்றன. நாரைக் குஞ்சுகள் வாய் பிளந்து காத்திருக்கும் காலமும் அதுதான்.

மரங்களைச் சுற்றி நீர் நிற்பது இன்னொரு காவல். நரியும் பூனையும் கீரியும் கூடுகளை நெருங்க முடியாது. மழை பொய்த்த ஆண்டில் அந்த அகழி இல்லை. அப்போது பறவைகள் வருவதே குறைந்துபோகும், வந்தவையும் கூட்டைக் கைவிடக்கூடும். நிறைவதும் வற்றுவதும் சேர்ந்ததுதான் இந்த ஏரியின் மூச்சு. ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும்படி ஆழப்படுத்திச் சுவர் கட்டி அழகுபடுத்துவது பூங்காவுக்கு உதவும். ஆழமற்ற ஓரத்தில் நடந்து இரை தேடும் பறவைக்கு உதவாது.

நஞ்சும் அதே வழியில்

சத்து போகும் வழியிலேயே நஞ்சும் போகும். கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரியில் கடிக்காத ஒரு சிறு பூச்சியின் தொல்லையை ஒழிக்க, 1949-லும் 1954-லும் 1957-லும் டிடிடி (DDD) என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்தார்கள். இது டிடிடீக்கு (DDT) நெருங்கிய உறவு. மிகமிக நீர்த்த அளவு: பத்து லட்சம் பங்கு நீரில் அதிகபட்சம் 0.02 பங்கு. யாருக்கும் ஆபத்தில்லை என்றே நினைத்தார்கள். பின்னர் அங்கே முக்குளிப்பான் இனப் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பை ஆராய்ந்தபோது பத்து லட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது. எண்பதாயிரம் மடங்கு.

யாரும் தவறான அளவு கலக்கவில்லை. இந்த நஞ்சு எளிதில் சிதையாது, கொழுப்பில் தங்கும். பத்துப் பங்கு இரை தின்று ஒரு பங்கு உடல் வளர்க்கும் ஒவ்வொரு படியிலும், ஆற்றல் வெப்பமாகப் போய்விட, நஞ்சு மட்டும் மிஞ்சிச் செறிகிறது. கூழைக்கடாவின் எண்ணிக்கையைக் குறைவாக வைக்கும் அதே கணக்குதான் அதன் உடலில் நஞ்சை மிகுதியாகவும் வைக்கிறது.

இதை வேடந்தாங்கலோடு பொருத்துங்கள். கரைக்குள் ஒரு சொட்டு மருந்து விழாமல் காவல் போடலாம். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலில் அடித்த மருந்து, அங்கே தின்ற நத்தையின் வழியாகக் கூட்டுக்கு வந்து, குஞ்சின் வாய்க்குள் இறங்கும்.

கோட்டை எங்கே போடுவது?

1998-ல் தமிழ்நாடு அரசு, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியைச் சரணாலயமாக அறிவித்தது. அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை 2020-ல் எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இவை நல்ல செய்திகள். ஆனாலும் ஐந்து கிலோமீட்டர் என்பது வட்டத்தை வைத்துப் போட்ட கோடு. பறவையின் பசி வட்டத்தில் அடங்குவதில்லை. நாரையைப் பொறுத்தவரை அது நாள்தோறும் போய்வரும் வயல்வெளி முழுவதும் அதன் ஏரி. குளிர்காலத்தில் இறங்கும் நீலச்சிறகிக்கும் ஊசிவால் வாத்துக்கும் எல்லை மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் தொடும்.

அதற்காக எல்லையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. சட்டத்துக்குக் கோடு தேவை, ஆராய்ச்சிக்கும் தேவை. கோட்டைப் போட்ட பின் அதைத் தாண்டி என்ன வருகிறது, என்ன போகிறது என்று கணக்கெடுப்பதுதான் சூழலியல். எல்லைக்குள் பறவை எண்ணிக்கை மட்டும் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள சிற்றேரிகள் தூர்ந்து வீட்டுமனைகளாவதைப் பார்க்காமல் விட்டால், கூடு கட்ட இடமிருக்கும், சாப்பாடு இருக்காது.

உங்கள் ஊர் ஏரிக்கும் இதே பரிசோதனை பொருந்தும். நீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, அதில் என்ன கரைந்து வருகிறது, மதகைத் தாண்டி எங்கே போகிறது, அங்கே இரை எடுக்கும் பறவை இரவில் எங்கே தங்குகிறது என்று விசாரியுங்கள். விடைகள் பெரும்பாலும் கரைக்கு வெளியே கிடைக்கும். ஓர் ஏரியைக் காப்பாற்ற விரும்புபவர் முதலில் காப்பாற்ற வேண்டியது அதற்கு வரும் வாய்க்காலையும் அதைச் சுற்றியுள்ள மற்ற ஏரிகளையும்தான்.